உண்டியலுக்குப் போன பினாங்குப் பணம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் மனோரமாவைச் சித்தூர் பாங்கில் பேனாவும் கையுமாக நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று உங்களில் பலருக்குக் கோபம். ‘அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாளா இல்லையா, அதையாவது சொல்லித் தொலையுங்கள்’ என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போட்டாள் அம்மா, போட்டாள். அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். முடியவில்லையே, நான் என்ன செய்ய?

நடுவில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. நகரிக்குப் பக்கத்துக் குடியானவக் குடும்பம் இது. மனோரமாவின் புருஷன் கோவர்த்தனன் பினாங்குத் துறைமுகத்தில் கிடங்கு வேலைக்குப் போனவன். அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து முதுகில் விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் அங்கே தர்ம ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பணம் கட்டினால் வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், யாராவது உடனே கப்பலேறி வரவும் என்று அவன் கூட்டாளி தந்தி அடித்திருந்தான். கோவர்த்தனனின் அம்மா வெங்கடம்மா தன் பேரில் இருந்த ஏரிக்கரைக் காணியை விற்றாள். ராஜ்ய எல்லையை மாற்றி வரைகிறார்கள், திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வருகிறது, எந்த ஊர் எந்தப் பக்கம் விழுமோ என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். வாங்க வந்த தணிகாசலம், “நாளைக்கு இந்தப் பட்டாவை மாத்த நான் ரெண்டு ராஜ்யம் அலையணும்” என்று சொல்லியே விலையைப் பாதியாக்கினான். அவளும் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டாள்.

வெங்கடம்மா மனோரமாவுக்கு மாமியார் மட்டும் இல்லை, அப்பாவோடு கூடப் பிறந்த சொந்த அத்தை. அதனால் அந்த வீட்டில் நீங்கள் போங்கள் கிடையாது. நீ, வா, போ தான்.

வெளிநாட்டுக்கு நோட்டாகப் பணம் கொண்டு போக முடியாது. ரிசர்வ் பாங்க் பர்மிட்டைக் காட்டி, பணத்தை இங்கேயே கட்டி, டிராவலர்ஸ் செக் வாங்க வேண்டும். ஊரில் அதற்குக் கப்பல் செக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு செக்கிலும் இரண்டு கோடு. மேல்கோட்டில் பாங்க் ஏஜெண்ட் பார்க்க ஒரு கையெழுத்து. கீழ்க்கோட்டில், பினாங்கில் பணம் கொடுக்கிறவன் பார்க்க இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் அங்கே காசு. மனோரமா எட்டாவது வரை படித்தவள். மேல்கோடு எல்லாவற்றிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை மெட்ராஸில் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பலுக்குக் கோவர்த்தனன் தாங்குவானா என்பது யாருக்கும் தெரியாது.

கப்பலேறுமுன் திருப்பதிக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்றாள் வெங்கடம்மா. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

பாங்க் வேலை முடிந்து இரவு தங்கியது சித்தூரில், மனோரமாவின் அண்ணன் உமாபதி வீட்டில். அவன் அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. விடியற்காலையில் மனோரமா செக்குப் புத்தகத்தைத் தோல்பையில் வைக்கப் போனாள். வெங்கடம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பையில வெக்காதேமே. திருப்பதி பஸ்ஸுல பிளேடு போடறவன் மொதல்ல பையைத்தான் பாப்பான். மஞ்சத்துணியில முடிஞ்சுக்கோ. பெருமாள் முடிப்புன்னா எந்தத் திருடனும் தொடமாட்டான்.”

அந்தப் பக்கத்தில் இது எல்லாரும் செய்வதுதான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மஞ்சள் நனைத்த துணியில் காசு முடிந்து, வேங்கடேசன் பேரைச் சொல்லி மாடத்தில் வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் அதில் காசு சேரும். பிறகு மலைக்குக் கொண்டு போய் உண்டியலில் போடுவார்கள். வழியில் அந்த மஞ்சள் துணியைப் பார்த்தால் ஜேப்படிக்காரன்கூடக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வான் என்பது நம்பிக்கை. தந்தி வந்ததிலிருந்து வெங்கடம்மாவும் அப்படி ஒரு முடிப்பு சேர்த்து வைத்திருந்தாள்.

ஆக, அன்றைக்கு மஞ்சள் துணியில் முடிப்பு இரண்டு. இரண்டையும் வெங்கடம்மாவே மடியில் கட்டிக்கொண்டாள்.

“நீ சின்னப் பொண்ணு, கூட்டத்துல நசுங்குவே. என்கிட்டயே இருக்கட்டும்.”

“சரி அத்தே,” என்றாள் மனோரமா. பெற்ற பிள்ளைக்கான பணம் பெற்றவள் மடியில் இருப்பதைவிடப் பத்திரம் வேறெங்கே?

பஸ் புத்தலப்பட்டு தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கரும்பு. வெல்லம் காய்ச்சுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. உமாபதி முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தான். வெங்கடம்மா மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

“இன்னா அத்தே, காலையிலேர்ந்து ஒண்ணுமே துன்னலையே. இட்லி வெச்சிக்கினு இருக்கேன், துன்றியா?”

“சாமியப் பாத்துட்டுத் துன்னுக்கலாம்.”

“மயக்கம் வந்துடப் போவுது.”

“வராதுமே. எனக்கு இன்னிக்கு ஒண்ணும் வராது.”

மலை மேல் முதல் வேலையாக வெங்கடம்மா முடி கொடுத்தாள். நரைத்தாலும் இடுப்பு வரை தொங்கிய தலைமுடி. நாவிதர் கத்தி வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவள் எழுந்து வந்தபோது மனோரமா போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்காக இதைவிட என்ன செய்ய வேண்டும் ஒரு தாய் என்று நினைத்தாள். வேண்டுதல் அதோடு முடிந்தது என்றும் நினைத்தாள்.

வரிசை நகர நகர வெயில் ஏறியது. உள்ளே போனதும் கோவிந்தா கோவிந்தா என்ற சத்தத்தில் காது அடைத்தது. சாமிக்கு முன்னால் மனோரமாவுக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவரை நான் போய்ச் சேருகிற வரைக்கும் வைத்திரு என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

உண்டியலிடம் வந்தார்கள். அண்டாவைத் துணி போட்டு மூடித் தொங்கவிட்டிருக்கிறார்களே, அந்த உண்டியல். வெங்கடம்மா மடியை அவிழ்த்தாள். முடிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் போட்டாள். “கோவர்த்தனா” என்று கத்தினாள். கோவிந்தா என்று ஊரே கத்துகிற இடத்தில் அவள் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்தில் இருந்த மனோரமாவுக்கு மட்டும் அது கேட்டது, அவளும் அழுதுவிட்டாள்.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து உமாபதி பிரசாதத்தைப் பிரித்தான்.

“அத்தே, அந்த முடிப்பைக் குடு. நானே வெச்சுக்கறேன்,” என்று மனோரமா கையை நீட்டினாள்.

வெங்கடம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிய கை கனத்தது. மனோரமா முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் ஒட்டிய காசுகள். அணாவும் புதுப் பைசாவும் ஒற்றை ரூபாய் நோட்டும்.

“அண்ணா!” என்று அவள் போட்ட சத்தத்தில் உமாபதி கையிலிருந்த புளியோதரை கீழே சிந்தியது.

“ஐயோ, மாறிப்போச்சுண்ணா! அத்தே செக்கைப் போட்டுட்டாங்கோ! காசு இங்க கீது, செக்கு உண்டியல்ல போயிடுச்சு!”

உமாபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. “இன்னா அத்தே, பாத்துப் போடக்கூடாதா? கையில கனம் தெரியலையா உனக்கு?”

வெங்கடம்மா சந்தனம் காய்ந்த தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். பாவம், அதிர்ச்சியில் வாய் அடைத்துவிட்டது என்று மனோரமா நினைத்தாள்.

தேவஸ்தான ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். மூச்சிரைக்க வந்தவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மனோரமா தெலுங்கும் தமிழுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். புருஷன், பினாங்கு, கப்பல், செக்கு.

“யார் கையால் விழுந்தது?” என்று கேட்டார்.

“இதோ, என் அத்தே. என் மாமியாரு. மாத்திப் போட்டுட்டாங்கோ.”

அதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “அம்மா, உண்டியலில் விழுந்தது சுவாமியுடைய சொத்து. எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இதற்கு முன்னால் சங்கிலி தவறி விழுந்து அழுதவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன். ஆனால் உன்னுடையது சங்கிலி இல்லை. உன் பேர் போட்ட செக்கு. எண்ணுகிற இடத்தில் கிடைத்தால் பாங்குக்கு எழுதுவோம். பாங்க் உனக்கு வேறு கொடுத்தால் அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நீ பாங்கைக் கேள்.”

அதுவரை சுவரோடு நின்றிருந்த வெங்கடம்மா முன்னால் வந்தாள்.

“வேற குடுப்பாங்களா? அப்ப சாமிகிட்ட இருக்கறது?”

“அது வெறும் காகிதம்தான் அம்மா.”

“எப்படிங்க காயிதம் ஆவும்? பணம் கட்டித்தானே வாங்கினோம்?”

“உன் மருமகள் கீழே இரண்டாவது கையெழுத்துப் போடவில்லையே. அவள் போடாமல் அது யாருக்கும் செல்லாது. சுவாமிக்கும்தான்,” என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

வெங்கடம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி வாங்கியவள் மாதிரி இருந்தது அவள் முகம். உமாபதி கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

போஸ்டாபீசில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தார்கள். சித்தூர் லைன் கிடைத்ததும் உமாபதி பேசினான். பேசப் பேச அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“நம்பரு எல்லாம் ஏஜெண்ட்கிட்ட கீது. தவறிப் போச்சுன்னா பாங்கு திருப்பிக் குடுக்குமாம். ஆனா மெட்ராஸ்லேர்ந்து உத்தரவு வரணும். வியாழக்கிழமைக்குள்ள வரும்னு அவரு சொல்ல மாட்டேன்றாரு. நீ வேணும்னா கப்பலேறு, உத்தரவு வந்தா பினாங்கு பாங்குக்குத் தந்தி குடுக்கறோம், அங்க போயி கேட்டுக்கோன்றாரு.”

“வரலைன்னா?”

“வரலைன்னா அங்க வெறுங்கையோட நிப்பே.”

மனோரமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “ஏறிடறேன். பிச்சை எடுத்தாவது அவரு பக்கத்துல இருக்கேன்.”

“இன்னொண்ணு கீது. தேவஸ்தானத்துல அத்தே பேரைச் சொல்லிட்டியே. அதனால அத்தேதான் சொல்லணும். தெரியாம, தவறிப்போயி போட்டேன்னு சத்தியம் பண்ணி, வக்கீல் முன்னால கைநாட்டு வெச்சுக் குடுக்கணும். வீட்டு ஆளே வேணும்னு போட்டுதுன்னா அது தானமாம். தானத்துக்கு பாங்கு ஜவாப்தாரி கெடையாதாம்.”

“அவ்வளவுதானே? கீழ எறங்கினதும் வெச்சுக் குடுத்துடலாம். வா அத்தே.”

வெங்கடம்மா நகரவில்லை.

“நான் தெரியாம போடலை,” என்றாள்.

மனோரமாவுக்கு முதலில் புரியவில்லை. உமாபதிக்குப் புரிந்துவிட்டது. கோர்ட்டில் குப்பை கொட்டுகிறவன் அல்லவா, ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“தெரிஞ்சேதான் போட்டேன்மே. தந்தி வந்த அன்னிக்கே நேந்துக்கினேன். பெருமாளே, எனக்குன்னு இருக்கறது அந்தக் காணி ஒண்ணுதான், அதை மொத்தமா உனக்குக் குடுத்துடறேன், என் புள்ளைய எனக்குக் குடுத்துடுன்னு. நோட்டாவே கையில வரும், கொண்ணாந்து போட்டுடலாம்னுதான் பாங்குக்கு உங்கூட வந்தேன். அந்த ஏஜெண்டு நோட்டையெல்லாம் உள்ள வாங்கி வெச்சுக்கினு காயிதத்தைக் குடுத்துட்டான். காணி இப்ப அந்தக் காயிதத்துலதானே இருக்குதுன்னு அதையே போட்டேன்.”

அப்படி ஒரு கோபம் மனோரமாவுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. மொட்டைத் தலையும் அதுவுமாக எதிரே நிற்பவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

“ஆபரேஷனுக்கு வெச்சிருந்த பணம்! அவரு அங்க கெடக்கறாரு, நீ இங்க… எப்படி அத்தே மனசு வந்துச்சு உனக்கு?”

“ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம்னுதானே தந்தியில இருந்துச்சு? பொழைப்பான்னு ஒருத்தனாவது சொன்னானா? சொல்லுமே. மனுஷன் பாக்கலாம்ன்றான். பெருமாள் நெனச்சா குடுத்துடுவாரு. அவன் அப்பனுக்கு வேலூரு ஆஸ்பத்திரியில கட்டினோமே, வந்தாரா? எனக்கு மட்டும் என் புள்ளை வேணாமா?”

“நீ இன்னா நேந்துக்கினாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா உட்டிருப்பியா?”

மனோரமா விட்டிருக்க மாட்டாள். அது இருவருக்குமே தெரியும்.

பிறகு வெங்கடம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குரல் கெஞ்சியது.

“சாமிக்குச் செல்லாதுன்னுட்டாரே அந்த ஆபீசரு. நான் குடுத்தது போயிச் சேரலைன்னா என் புள்ளை கதி இன்னா ஆவறது? அந்தக் காயிதம் கெடச்சதும் நீ கீழ்க்கோட்டுல கையெழுத்து போட்டுக் குடுத்துடும்மா. உன் கால்ல உழறேன். அவன் நடந்தே வந்துடுவான், பாரு.”

“மாட்டேன்.”

“மனோ…”

“மாட்டேன் அத்தே. காணி உன்னுது. அதை நீ யாருக்கு வேணா குடு, நான் கேக்க மாட்டேன். ஆனா அதுல இருக்கற கையெழுத்து என்னுது. அவருகிட்ட போறதுக்காக நான் போட்டது. அதை நான் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

“சாமிகிட்ட குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அவன் போயிடுவான்டீ!”

“நான் போவலைன்னா அவரு தனியா போயிடுவாரு. வாயில தண்ணி ஊத்த ஒருத்தர் இல்லாம. அது உனக்கு சம்மதமா? சொல்லு. சம்மதம்னு உன் வாயால ஒரு தரம் சொல்லிடு, நான் வியாழக்கிழமை வீட்டுலயே இருந்துடறேன்.”

வெங்கடம்மா கையை விட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வழியில் போன யாத்திரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டுதல் முடித்துவிட்டு அழுகிற பெண்கள் அங்கே ஏராளம், அதனால் யாரும் நிற்கவில்லை.

இறங்குகிற பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு வளைவில் உமாபதி தங்கை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு உண்மை தெரிஞ்சுபோச்சுமே. பொய் சத்தியம்னு நாளைக்கு வெளிய வந்தா என் வேலை போயிடும். அதுவும் இப்ப, யாரு மெட்ராஸ், யாரு ஆந்திரான்னு ஆளைப் பிரிக்கற நேரத்துல.”

“அப்ப நீ உள்ள வராதே. வெளிய நில்லு.”

“கோவிச்சுக்கினியா?”

“இல்லேண்ணா. எனக்கு இப்ப கோவிச்சுக்கறதுக்குக்கூட நேரமில்லே.”

கீழ்த் திருப்பதியில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் வக்கீல் ரங்கையாவின் ஆபீஸ். இந்த மாதிரி சத்தியப் பத்திரங்களுக்கு முத்திரை போடுகிறவர். உமாபதி சொன்ன மாதிரியே வாசலில் நின்றுவிட்டான். உள்ளே இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரங்கையா வயதானவர், அவசரப்படாதவர். மனோரமா சொன்னதைக் கேட்டுத் தெலுங்கில் எழுதி, ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு பேனாவை மூடிவிட்டு வெங்கடம்மாவைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் முழுக்க மலை.

“நேனு ராசினதி காது அம்மா, நுவ்வு செப்பாலி,” என்றார். நான் எழுதியது போதாது, நீ உன் வாயால் சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “சுவாமி சாட்சிகா செப்பு. பொரபாட்டுன வேசாவா, தெலிசே வேசாவா?”

சாமி சாட்சியாகச் சொல், தவறிப் போட்டாயா, தெரிந்தே போட்டாயா.

மனோரமா தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மலையிலேயே சொல்லியாகிவிட்டது. இனி கெஞ்சவும் முடியாது, மிரட்டவும் முடியாது. தெரிந்தேதான் போட்டேன் என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் பினாங்கு பாங்கின் கதவு சாத்தின கதவுதான்.

வெங்கடம்மா மலையைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க ஊரிலிருந்து இந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டியிருக்கிறாள். புருஷனுக்கு வேண்டிக்கொண்டபோது அவன் பிழைக்கவில்லை, அப்போதும் அவள் சாமியை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பொய் மட்டும் சொன்னதே கிடையாது.

“மெதுவா யோசிச்சுச் சொல்லும்மா,” என்றார் ரங்கையா, அவளுக்காகத் தமிழில்.

“பொரபாட்டுனே,” என்றாள் வெங்கடம்மா. குரல் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். “தெலீக்க வேசினானு, சாமி. தெரியாம போட்டுட்டேன்.”

கட்டை விரலை அவளே நீட்டினாள். மை தடவி அழுத்தினார் ரங்கையா. முத்திரை விழுந்தது. கூலி எவ்வளவு என்று மனோரமா கேட்டதற்கு, பிள்ளை நல்லபடி வரட்டும் போ என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்.

வெளியே வந்தார்கள். உமாபதி காகிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான், சித்தூர் பஸ் நிற்கிறதா என்று பார்க்க ஓடினான். தெருவில் போகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வெங்கடம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மை பட்ட விரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

“அத்தே,” என்று மனோரமா அவள் தோளைத் தொட்டாள். “ஒண்ணும் ஆவாது. நான் கூட்டிக்கினு வந்துடறேன். நீ சொன்னது பாவம்னா, சொல்லச் சொன்னது நான். அதுல பாதி எனக்கு.”

வெங்கடம்மா நின்றாள். மருமகள் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“நீ போயி அவனைப் பாரு. நான் நேந்துக்கினதையும் சொல்லாதே, இதையும் சொல்லாதே. அவனுக்கு நல்லதாச்சுன்னா உன் கை ராசின்னு ஊரெல்லாம் சொல்றேன். கெட்டதாச்சுன்னா அது நான் சொன்ன பொய்யாலதான். அந்தப் பாவம் ஒண்ணுதான்மே எனக்குன்னு இனிமே இருக்குது. அதுல நீ பங்குக்கு வராதே.”